வெள்ளோட்டம்: வாசகர் கேள்வி – பதில்

பழுதுபார்ப்பு முடிந்த பாய்மரப் படகை வாரக்கடைசியில் வெள்ளோட்டம் விடுவது பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் சேர்த்துப் பதில் தருகிறோம். பெரும்பாலான கேள்விகள் 28 முதல் 36 அடி வரையுள்ள, டீசல் இன்ஜின் வைத்த ஃபைபர் படகுகளைப் பற்றியவை. பதிலில் வரும் எண்களும் அந்த அளவுப் படகுகளுக்கே பொருந்தும்.

கேள்வி: என்னுடையது 31 அடிப் படகு. இன்ஜினைப் பிரித்து மாட்டியாயிற்று. பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகள் எல்லாம் புதிது. அடிப்பகுதியில் உள்ள கடல்நீர் வால்வுகளையும் மாற்றிவிட்டோம். சனிக்கிழமை காலை தண்ணீரில் இறக்கி, அப்படியே 40 கடல் மைல் தள்ளியுள்ள துறைமுகத்துக்குப் போய், ஞாயிறு மாலை திரும்பலாமா?

பதில்: வேண்டாம். இறக்கும் நாளும் புறப்படும் நாளும் ஒன்றாக இருக்கக் கூடாது. வியாழன் அல்லது வெள்ளியன்றே இறக்குங்கள். படகு மிதக்கத் தொடங்கியதும் தூக்குபட்டைகளைக் கழற்ற விடாதீர்கள். பட்டையில் தொங்கும்போதே உள்ளே இறங்கி, மாற்றிய ஒவ்வொரு வால்வையும் திறந்து மூடி, அடிப்பகுதியைக் காய்ந்த துணியால் துடைத்துப் பாருங்கள். இதற்குக் கால் மணி நேரம் போதும். கசிவு தெரிந்தால் அப்போதே மேலே தூக்கிவிடலாம். பட்டையைக் கழற்றிய பிறகு அந்த வசதி இல்லை.

இதில் ஏன் இவ்வளவு கறார் என்றால், 38 மில்லிமீட்டர் குழாய் ஒன்று நீர்மட்டத்துக்கு 60 சென்டிமீட்டர் கீழே கழன்றுகொண்டால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 140 லிட்டர் தண்ணீர் உள்ளே வரும். மணிக்கு 7,500 லிட்டர் இறைக்கும் என்று அட்டையில் போட்டிருக்கும் மின்பம்பின் கணக்கே நிமிடத்துக்கு 125 லிட்டர்தான். தண்ணீரை மேலே ஏற்றித் தள்ளும்போது, குழாய் வளைவுகளையும் தாண்டி, அதில் பாதி கிடைத்தாலே நல்லது. அதனால் ஒவ்வொரு வால்வின் பக்கத்திலும் அந்தத் துளைக்குப் பொருந்தும் மென்மரக் கூம்பு ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். நீர்மட்டத்துக்குக் கீழுள்ள குழாய்களில், பிடிக்க இடம் இருக்கும் ஒவ்வொரு முனையிலும் இரண்டு கிளிப். இரண்டின் திருகுகளும் எதிரெதிர்ப் பக்கம் இருக்கட்டும்.

இறக்கிய பிறகு ஒரு முழு இரவு கட்டுத்துறையிலேயே நிற்கட்டும். கரையில் முட்டுக்கொடுத்து நின்ற படகின் உடல், தண்ணீரில் இறங்கியதும் சற்றே வடிவம் மாறும். இன்ஜினுக்கும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டுக்கும் இடையே உள்ள கப்ளிங் கரையில் நேராக இருந்தாலும் தண்ணீரில் விலகியிருக்கலாம். ஒன்றிரண்டு நாள் கழித்து, டாங்குகளை வழக்கமான அளவு நிரப்பி, பாய்மரக் கம்பிகளையும் இறுக்கிய பிறகு, கப்ளிங்கின் போல்ட்டுகளைக் கழற்றி இரண்டு முகங்களையும் ஒட்ட வைத்து, மேல், கீழ், இடம், வலம் என நான்கு இடத்திலும் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பாருங்கள். 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள கப்ளிங்கில் இந்த நான்கு இடைவெளிகளுக்கும் உள்ள வித்தியாசம் 0.1 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் இன்ஜின் தாங்கிகளைச் சரிசெய்துவிட்டுத்தான் புறப்பட வேண்டும். குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் படகு அதிர்வதற்கும், ஷாஃப்ட் தாங்கி சீக்கிரம் தேய்வதற்கும் இது ஒரு முக்கியக் காரணம்.

அடுத்தது தூரம். 40 மைல் பயணம் வைத்தால் உங்கள் மனம் முழுக்கப் போய்ச் சேர்வதிலேயே இருக்கும். படகைக் கவனிக்க நேரம் இருக்காது. வெள்ளோட்டத்தில் போய்ச் சேர வேண்டிய ஊர் என்று ஒன்றும் கிடையாது. புதிதாக மாட்டிய ஒவ்வொன்றின் மீதும் படிப்படியாகப் பளுவை ஏற்றி, எது தாங்கவில்லை என்பதைத் துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே தெரிந்துகொள்வதுதான் அந்த இரண்டு நாள் வேலை. எங்கிருந்தாலும் 10 கடல் மைலுக்குள் ஒதுங்க இடம் இருக்க வேண்டும். காற்று கரையை நோக்கி அடிக்கும்போது கரைக்கு அருகில் ஓட்டாதீர்கள்; இன்ஜின் நின்றால் பாயை ஏற்ற நேரம் கிடைக்காது.

காற்று 8 முதல் 15 நாட் (மணிக்கு அத்தனை கடல் மைல்) வரை இருக்கும் நாள் பொருத்தமானது. 20-க்கு மேல் என்று முன்னறிவிப்பு சொன்னால் தள்ளிப்போடுங்கள். சுத்தமாகக் காற்றே இல்லாத நாளும் பயன்படாது. கம்பியும் கயிறும் பளு ஏறாமலே திரும்பி வரும். எல்லாம் சரியாக இருக்கிறது என்று நீங்களும் நம்பிவிடுவீர்கள்.

சனிக்கிழமை முதல் ஒரு மணி நேரம் இன்ஜினில் மட்டும் ஓட்டுங்கள். பிறகு பெரிய பாய், அதற்குப் பிறகு முன்பாய். பிற்பகலில் காற்றை எதிர்த்து இரண்டு பக்கமும் மாறி மாறிச் சாய்ந்து ஓட்டம். இரவு நங்கூரம். ஞாயிறு காலை கம்பிகளைத் திரும்ப இறுக்கிவிட்டு, பாயைக் குறைத்தும் கூட்டியும் ஓட்டிப் பாருங்கள். மதியத்துக்குள் திரும்பிவிட்டால், கண்ட குறைகளில் சிலவற்றை அன்று மாலையே சரிசெய்ய வெளிச்சம் இருக்கும்.

கேள்வி: ஷாஃப்ட் வெளியேறும் இடத்தில் புதிய பேக்கிங் (நீர் புகாமல் ஷாஃப்ட்டைச் சுற்றி அடைக்கும் கயிறு) போட்டோம். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வருகிறது. நட்டை இறுக்கினால் நிற்கிறது, ஆனால் சூடாகிறது. எவ்வளவு சொட்டலாம்?

பதில்: சொட்ட வேண்டும். அந்தத் தண்ணீர்தான் பேக்கிங்கைக் குளிரவைக்கிறது. ஷாஃப்ட் சுழலும்போது நிமிடத்துக்கு 2, 3 சொட்டு. நின்றதும் அநேகமாக நின்றுவிட வேண்டும். முதல் ஒரு மணி நேர ஓட்டத்தில் சற்றுத் தாராளமாகவே சொட்டவிடுங்கள். புதிய பேக்கிங் இடத்தில் அமரும்வரை இறுக்குவதும் தளர்த்துவதுமாகத்தான் இருக்கும். 20 நிமிடம் ஓடியதும் அந்த உறையின் மேல் கையை வையுங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை, கையை வைத்திருக்க முடியாத சூடு என்றால் நட்டைக் கால் சுற்றுத் தளர்த்தி, பூட்டு நட்டை மறுபடி இறுக்குங்கள். இப்போது தண்ணீரை அடியோடு நிறுத்தினால் பின்னால் ஷாஃப்ட்டிலேயே பள்ளம் விழும். பிறகு எந்தப் பேக்கிங்கும் நிற்காது.

எவ்வளவு சரிசெய்தும் அடங்கவில்லை என்றால், பேக்கிங் போட்ட விதத்தைச் சந்தேகியுங்கள். ஒரே நீளத்தைச் சுருளாகச் சுற்றியிருக்கக் கூடாது. தனித்தனி வளையமாக வெட்டி, ஒவ்வொன்றின் இணைப்பும் முந்தையதிலிருந்து 120 டிகிரி தள்ளி வரும்படி மூன்று நான்கு வளையங்கள் போட வேண்டும்.

சொட்டாத ரப்பர் சீல் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: ஒவ்வொரு முறை இறக்கும்போதும் உள்ளே காற்று சிக்கிக்கொள்ளும். காற்றுக் குழாய் தனியாக இல்லாத வகை என்றால், சீலைக் கையால் அமுக்கித் தண்ணீர் எட்டிப்பார்க்கும்வரை காற்றை வெளியேற்றிவிட்டுத்தான் கியர் போட வேண்டும். வறண்ட சீல் சில நிமிடங்களில் கருகிவிடும்.

கேள்வி: கட்டுத்துறையில் ஒரு மணி நேரம் அட்டகாசமாக ஓடிய இன்ஜின், கடலில் அலை வந்த இடத்தில் நாற்பது நிமிடத்தில் நின்றுபோனது. மறுபடி ஸ்டார்ட் செய்ய வெகுநேரம் சுற்றவேண்டி இருந்தது. இன்ஜின் வேலையில் குறையா?

பதில்: பெரும்பாலும் இன்ஜினில் குறை இருக்காது, எரிபொருளில்தான் இருக்கும். பழுதுபார்ப்பில் மாதக்கணக்கில் அசையாமல் நின்ற டாங்கின் அடியில் கசடும் தண்ணீரும் தங்கியிருக்கும். முதல் அலையில் அது கலங்கி வடிகட்டியை அடைக்கும். கட்டுத்துறையில் படகு ஆடாததால் கசடு கிளம்பவில்லை. வெள்ளோட்டத்துக்குப் போகிறவர்கள் முதன்மை வடிகட்டிக்கு மூன்று, இன்ஜின் மேலுள்ள வடிகட்டிக்கு இரண்டு என உபரி எடுத்துப்போவதை நாங்கள் வலியுறுத்துவது இதற்காகத்தான்.

எப்படி நின்றது என்பதை நினைத்துப் பாருங்கள். பளுவில் இன்ஜினின் சுற்று வேகம் மெல்ல மெல்ல இறங்கி, த்ராட்டிலைக் குறைத்ததும் மீண்டு, மறுபடி கூட்டினால் இறங்கியது என்றால் வடிகட்டி அடைப்பு. சுற்று ஏறி ஏறி இறங்கி, தடுமாறி, சட்டென நின்றது என்றால் காற்று நுழைந்திருக்கிறது. டாங்கிலிருந்து பம்ப் வரையுள்ள குழாய் உறிஞ்சும் பக்கம். அங்கே கிளிப் தளர்ந்தாலோ வடிகட்டி மூடியின் ரப்பர் வளையம் சரியாக உட்காராவிட்டாலோ டீசல் வெளியே கசியாது, காற்றுதான் உள்ளே போகும். கண்ணால் பார்த்து எல்லாம் காய்ந்திருக்கிறதே என்று ஏமாந்துபோகும் இடம் இது. மூன்றாவது சாத்தியம், டாங்கின் காற்றுத்துளை அடைபட்டிருப்பது. பெயின்ட் அடித்தவர்கள் ஒட்டிய டேப்பை எடுக்க மறந்திருக்கலாம். டீசல் ஊற்றும் மூடியைத் திறக்கும்போது காற்றை உறிஞ்சும் சத்தம் கேட்டால் சந்தேகமே இல்லை. நான்காவது, டாங்கில் பாதிக்கும் குறைவாக டீசல் இருந்து, படகு சாய்ந்தபோது உறிஞ்சு குழாயின் நுனி மேலே வந்துவிடுவது.

எரிபொருள் பாதையில் சிக்கிய காற்றை எடுக்கும் வரிசை: முதலில் முதன்மை வடிகட்டி, பிறகு இன்ஜின் வடிகட்டி, பிறகு இன்ஜெக்ஷன் பம்ப். பம்பின் கை நெம்புகோலால் டீசல் அனுப்பி, குமிழி இல்லாமல் வரும்வரை அந்தந்தத் திருகைத் திறந்து வையுங்கள். அப்போதும் பற்றாவிட்டால்தான் இன்ஜெக்டர் நட்டுகளைத் தளர்த்திச் சுற்ற வேண்டும். அடைபட்டுவிட்டால் அலையில் ஆடும் படகில் இதை முதல்முறையாகச் செய்யும்படி ஆகக் கூடாது. கட்டுத்துறையிலேயே ஒருமுறை வடிகட்டியைக் கழற்றி மாட்டிக் காற்றெடுத்துப் பழகுங்கள். எந்த ஸ்பானர், எந்தத் திருகு என்று கைக்குத் தெரிந்திருந்தால் பத்து நிமிட வேலை.

வெகுநேரம் சுற்றினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அது எங்களுக்குக் கவலையாக இருக்கிறது. இன்ஜின் பற்றாமல் சுற்றும்போதும் கடல்நீர் பம்ப் வேலை செய்துகொண்டே இருக்கும். புகைக் காற்று இல்லாததால் சைலன்சரில் சேரும் தண்ணீர் வெளியே தள்ளப்படாது. அது நிரம்பி, புகைப்பாதை வழியாகத் திரும்பி சிலிண்டருக்குள் இறங்கும். உப்புநீர் இறங்கிய சிலிண்டரைச் சுற்றினால் கனெக்டிங் ராட் வளையலாம். புதிதாகப் பிரித்து மாட்டிய இன்ஜின் முதல் வாரக்கடைசியிலேயே பாழாகும் வழி இது. ஒரு முயற்சிக்கு 10 நொடிக்கு மேல் ஸ்டார்ட்டரை அழுத்தாதீர்கள். இரண்டு மூன்று முயற்சியில் பற்றாவிட்டால் கடல்நீர் வால்வை மூடிவிட்டு முயலுங்கள். இன்ஜின் பற்றிய கணமே வால்வைத் திறக்க வேண்டும். மற்ற வேளைகளில், இன்ஜினை நிறுத்திவிட்டு வால்வை மூடும்போது, இன்ஜின் சாவியை அதன் கைப்பிடியில் மாட்டிவிட்டால், திறக்காமல் ஓட்ட முடியாது.

கேள்வி: ஓடும்போது என்னென்ன அளவுகளைக் குறிக்க வேண்டும்?

பதில்: கால் மணிக்கு ஒருமுறை சுற்று, வெப்பநிலை, எண்ணெய் அழுத்தம், மின்னழுத்தம். நன்னீரால் குளிரும் இன்ஜின் 75 முதல் 85 டிகிரியில் நிலைக்கும். கடல்நீரே நேரடியாகச் சுற்றும் இன்ஜின் 60 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் உப்பு படியத் தொடங்கும். புகைக்குழாயில் தண்ணீர் விட்டுவிட்டுத் தெறித்து வருகிறதா என்று எட்டிப் பாருங்கள். தண்ணீர் குறைந்து ஆவி அதிகமானால் கடல்நீர் பம்பின் உள்ளே சுழலும் ரப்பர் இதழ்ச் சக்கரமான இம்பெல்லரைக் கழற்றுங்கள். இதழ் ஒன்று ஒடிந்திருந்தால் புதியது மாட்டுவதோடு விடாதீர்கள். ஒடிந்த துண்டு வெப்பமாற்றியின் வாயில் போய் உட்கார்ந்திருக்கும். அதை எடுக்காவிட்டால் சூடு குறையாது.

கறுப்புப் புகை என்றால் இன்ஜினால் பளுவை இழுக்க முடியவில்லை. நீலம் என்றால் எண்ணெய் எரிகிறது. புதிய பிஸ்டன் வளையம் அமரும்வரை கொஞ்சம் வரலாம், குறைந்துகொண்டே போக வேண்டும்.

புதிதாகப் பிரித்து மாட்டியதைப் பாதுகாக்கிறேன் என்று மிக மெதுவாகவே ஓட்டுகிறவர்கள் உண்டு. அது தவறு. பளுவில்லாமல் வெகுநேரம் ஓடினால் சிலிண்டர் சுவர் பளபளப்பாகி, வளையம் அமராமலே போய்விடும். முழுத் திறனில் 60 முதல் 75 விழுக்காடு வரை ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். ஞாயிறன்று, நன்கு சூடான பிறகு, தட்டையான ஆழமான நீரில் ஒரே ஒரு முறை சில நிமிடம் முழு த்ராட்டில் கொடுத்துப் பாருங்கள். கையேட்டில் உள்ள உச்சச் சுற்றைவிட 300 குறைவாக நின்றால் புரொப்பல்லரில் சிப்பி ஒட்டியிருக்கிறது, அல்லது அதன் சாய்வு இன்ஜினுக்கு அதிகம்.

கேள்வி: புதிய பாய்மரக் கம்பிகளை எவ்வளவு இறுக்க வேண்டும்? இறுக்கமானி என்னிடம் இல்லை.

பதில்: 2 மீட்டர் மடக்கு அளவுகோல் போதும். 19 இழை எஃகுக் கம்பியின் 2 மீட்டர் நீளம் 1 மில்லிமீட்டர் நீண்டால், அது அறும் பளுவில் 5 விழுக்காடு ஏறியிருக்கிறது என்று பொருள். கம்பி எத்தனை தடிமன் என்றாலும் இதே கணக்குதான். டர்ன்பக்கிளை (கம்பியின் அடியில் உள்ள இறுக்கும் திருகை) கையால் மட்டும் இறுக்கிய நிலையில், அளவுகோலின் மேல்முனையைக் கம்பியோடு டேப்பால் ஒட்டுங்கள். கீழ்முனைக்கு நேராகக் கம்பியில் ஒரு கோடு. பிறகு ஸ்பானர் போட்டு இறுக்கும்போது அந்தக் கோடு அளவுகோலின் முனையைவிட்டு எவ்வளவு விலகுகிறது என்று பாருங்கள். பாய்மர உச்சிக்குப் போகும் பக்கக் கம்பிகளுக்கு 3 மில்லிமீட்டர், அதாவது 15 விழுக்காடு, நல்ல தொடக்கம். பக்கக் கம்பிகளை விரித்துப் பிடிக்கும் குறுக்குக் கைகள் பின்னோக்கிச் சாய்ந்த அமைப்பென்றால் 4 வரை போகலாம். இடது பக்கம் இரண்டு சுற்று, வலது பக்கம் இரண்டு சுற்று என்று மாறி மாறி இறுக்குங்கள். ஒரு பக்கத்தை மட்டும் முடித்துவிட்டு மறுபக்கம் வந்தால் பாய்மரம் வளைந்து நிற்கும்.

இது பாதி வேலைதான். புதிய கம்பியில் இழைகள் பளு ஏறிய பிறகே ஒன்றோடொன்று நெருங்கி அமரும். முதல் சில மணி நேர ஓட்டத்திலேயே தளர்ச்சி தெரிந்துவிடும். சனிக்கிழமை பிற்பகல், 12 நாட் காற்றில், படகு 15 முதல் 20 டிகிரி சாய்ந்து ஓடும்போது காற்று போகும் பக்கத்துக் கம்பியைப் பிடித்து ஆட்டுங்கள். இறுக்கம் குறைந்திருக்கலாம்; தொளதொளவென்று ஆடக் கூடாது. ஆடினால் அந்தத் தளர்ந்த பக்கத்து டர்ன்பக்கிளையே அரைச் சுற்று இறுக்கி, படகைத் திருப்பி, மறுபக்கமும் அதே அரைச் சுற்று. பளு ஏறிய பக்கத்தில் ஒருபோதும் ஸ்பானர் வைக்காதீர்கள். எஃகு மரையும் எஃகு மரையும் பளுவில் உரசினால் ஒன்றோடொன்று கடித்துப் பிடித்துக்கொள்ளும். பிறகு அறுத்துத்தான் எடுக்க வேண்டும். மாட்டும்போதே மரையில் லானலின் தடவியிருந்தால் இந்தத் தொல்லை குறையும்.

இறுக்கம் போதுமா என்பதைவிட, பாய்மரம் நேராக இருக்கிறதா என்பது முக்கியம். அடியில் உட்கார்ந்து, பாய் ஏறும் காடியில் கண்ணை ஒட்டி மேலே நோக்குங்கள். உச்சி காற்று போகும் பக்கம் விழுந்திருந்தால் உச்சிக் கம்பி தளர்வு. நடுப்பகுதி அந்தப் பக்கம் தொய்ந்து, உச்சி காற்று வரும் பக்கம் வளைந்தது போலத் தெரிந்தால் கீழ்க்கம்பி தளர்வு. இரண்டாவது நிலையில் உச்சிக் கம்பியை மேலும் இறுக்கினால் வளைவு கூடத்தான் செய்யும். இங்கேதான் பலருக்கும் கை தவறுகிறது.

எல்லாம் சரியானதும் ஒவ்வொரு டர்ன்பக்கிளிலும் காட்டர் பின் (இரண்டு கால் உள்ள பூட்டு ஊசி). ஊசியின் கால்களைச் சற்றே விரித்தால் போதும்; முழுக்க மடக்கினால் அவசரத்தில் கழற்ற வராது. முனைகளின் மேல் டேப் சுற்றுங்கள், பாய் கிழியாது. சனிக்கிழமை காலை, இறுக்கம் இன்னும் முடியவில்லை என்பதற்காகப் பின் போடாமல் புறப்படாதீர்கள். அதிர்வில் டர்ன்பக்கிள் தானாகவே கழன்று சுற்றும்.

கேள்வி: முன்பாயைச் சுருட்டும் கருவி பாதியில் சிக்கிக்கொள்கிறது. வின்ச்சில் கயிற்றைச் சுற்றி இழுக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. உச்சியில் பாய் ஏற்றும் கயிறு, முன்கம்பியோடு சேர்ந்து சுற்றிக்கொண்டிருக்கும். வின்ச் போட்டு இழுத்தால் முன்கம்பியின் இழைகள் பிரிந்து, பாய்மரமே போகலாம். கம்பி மாற்றியபோது நீளம் கொஞ்சம் மாறினால்கூட இந்தச் சிக்கல் வரும். பாயின் மேல் சுழலிக்கும் உச்சிக் கப்பிக்கும் இடையே கயிறு, கம்பியிலிருந்து 8 முதல் 10 டிகிரி விலகிப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். ஒட்டியே போனால் உச்சிக்குக் கீழே ஒரு வழிகாட்டிக் கண்ணி பொருத்துங்கள். கயிற்றை மிகையாக இறுக்கியிருந்தாலும் சிக்கும். முதலில் அதைச் சற்றுத் தளர்த்திப் பாருங்கள். பாயை முழுக்கச் சுருட்டிய பிறகு, அதன் மேல் இழுகயிறு இரண்டு மூன்று சுற்று வந்து, உருளையிலும் மூன்று நான்கு சுற்றுக் கயிறு மிச்சம் இருக்கிறதா என்பதைக் கட்டுத்துறையிலேயே எண்ணிவிடுங்கள்.

கேள்வி: பெரிய பாயைக் குறைப்பதற்கான கயிறுகளையும் புதிதாகப் போட்டோம். கடலில் போய்ப் பழகிக்கொள்ளலாம் அல்லவா?

பதில்: காற்றில்லாத காலையில் கட்டுத்துறையிலேயே முதலில் செய்யுங்கள். பாயின் இழுகயிற்றைத் தளர்த்தி, அடிக்கட்டையின் (பாயின் அடியோரத்தைப் பிடிக்கும் கட்டை) எடையை மேல்தாங்கிக் கயிற்றில் ஏற்றுங்கள். பாய் ஏற்றும் கயிற்றைக் குறியிட்ட இடம்வரை இறக்கி, முன்மூலை வளையத்தைக் கொக்கியில் மாட்டி, ஏற்றுகயிற்றை மறுபடி கெட்டியாக இழுங்கள். அதன் பிறகுதான் பின்மூலைக் கயிறு. இந்த வரிசையை மாற்றி முதலில் பின்மூலையை இழுத்தால், முழு இழுப்பும் முன்மூலையின் கீழ்ப்பாய்க்கு வந்து துணி கிழியும்.

நாங்கள் அதிகம் காணும் தவறு, பின்மூலைக் கயிற்றை அடிக்கட்டையில் கட்டிய இடம். பாய் குறைந்த நிலையில் அதன் வளையம் வந்து நிற்கும் இடத்துக்குச் சற்றுப் பின்னால் முடிச்சு இருக்க வேண்டும். அப்போதுதான் கயிறு பாயைக் கீழேயும் பின்னேயும் சேர்த்து இழுக்கும். நேர் கீழே கட்டினால் பாய் பை போலத் தொங்கி, காற்று கூடும்போது படகை மேலும் சாய்க்கும். எதற்காகக் குறைத்தோமோ அதுவே நடக்காது. இறக்க வேண்டிய அளவை ஏற்றுகயிற்றில் நூலால் தைத்துக் குறியிடுங்கள்; மை சீக்கிரம் அழிந்துவிடும்.

கேள்வி: கட்டுத்துறையில் உள்ளே சொட்டுத் தண்ணீர் இல்லை. கடலில் ஒரு நாள் ஓட்டினால் அடித்தளத்தில் ஒரு வாளி சேர்கிறது. எங்கிருந்து வருகிறது?

பதில்: சாய்ந்தால்தான் வருகிறது என்றால் பாதி விடை கிடைத்துவிட்டது. முதலில் எந்தப் பக்கம் சாயும்போது என்று பாருங்கள். அடித்தளத்தை முழுக்க உலர்த்தி, ஒவ்வொரு வால்வைச் சுற்றியும், பக்கக் கம்பிகளின் தகடுகள் உள்ளே இறங்கும் இடங்களிலும் டிஷ்யூ தாளை வளையமாக வைத்து, இடையில் சாக்பொடியைக் கோடாகத் தூவுங்கள். ஒரே பக்கம் சாய்ந்து அரை மணி ஓட்டிவிட்டுப் பார்த்தால் தண்ணீர் கிழித்த கோடு தெரியும்.

அதற்கு முன்பே சந்தேகிக்க வேண்டிய ஓர் இடம் உண்டு: மின்பம்பின் வெளியேற்றுக் குழாய். படகு சாயும்போது அந்த வாய் நீரில் மூழ்கினால், இறைத்த வழியாகவே கடல் உள்ளே வரும். பம்ப் ஓடும், தண்ணீர் குறையாது. குழாயை மேல்தளத்துக்கு ஒட்ட உயர்த்தி வளைத்து, வளைவின் உச்சியில் காற்றுவால்வு வைப்பதுதான் தீர்வு. பாத்திரம் கழுவும் தொட்டியும் இப்படித்தான். ஒரு பக்கம் சாயும்போது அதன் வழியே நீர் ஏறி வழியும். ஓடும்போது அந்த வால்வை மூடி வைக்கலாம். உப்பில்லாத தண்ணீர் என்றால் நன்னீர் டாங்கின் இணைப்பையோ பாய்மரத்தின் உள்வழியே இறங்கும் மழைநீரையோ தேடுங்கள்.

கீலும் (படகின் அடியில் நீண்டிருக்கும் கனமான பகுதி) உடலும் சேரும் கோட்டையும் பாருங்கள். வெள்ளோட்டத்துக்குப் பின் கீல் போல்ட்டின் வாஷரைச் சுற்றித் துருநீர் கசிந்தால் படகை மேலே தூக்கியாக வேண்டும்.

கேள்வி: பழுதுபார்ப்புக்குப் பின் திசைகாட்டி 10 டிகிரி தவறாகக் காட்டுகிறது. ஜிபிஎஸ் இருக்கிறதே, விட்டுவிடலாமா?

பதில்: விடாதீர்கள். 10 டிகிரி பிழையில் 6 கடல் மைல் போனால் ஒரு மைல் தள்ளிப் போய் நிற்பீர்கள். பக்கத்தில் புதிதாக என்ன மாட்டினீர்கள்? ஒலிபெருக்கி, கைப்பேசித் தாங்கி, இரும்புத் திருகு, எல்லாமே முள்ளை இழுக்கும். திசைகாட்டிக்கு அருகே போகும் மின்கம்பிகளில் நேர்மின் கம்பியும் எதிர்மின் கம்பியும் ஒன்றோடொன்று முறுக்கியிருக்க வேண்டும். ஒவ்வொரு ஸ்விட்சாகப் போட்டு அணைத்து முள் அசைகிறதா என்று பாருங்கள்.

காரணத்தை நீக்கியும் பிழை இருந்தால், அலையில்லாத இடத்தில் பித்தளைத் திருப்புளியால் சரிசெய்யலாம். வடக்கு நோக்கி ஓட்டி வடக்கு–தெற்குத் திருகால் பிழை முழுவதையும் எடுங்கள். தெற்கு நோக்கித் திரும்பி, மிச்சப் பிழையில் பாதியை மட்டும் எடுங்கள். கிழக்கு, மேற்குக்கும் மற்றத் திருகால் இதே முறை. ஒப்பிட்டுப் பார்க்க வரைபடத்தில் உள்ள இரண்டு அடையாளங்களை ஒரே கோட்டில் வைத்துக்கொள்ளுங்கள். ஜிபிஎஸ் காட்டுவது படகு நகரும் திசை. நீரோட்டம் இருந்தால் அது முன்முனை நோக்கும் திசையாக இருக்காது.

கேள்வி: குழந்தைகளையும் அழைத்துப் போகலாமா?

பதில்: இந்த முறை வேண்டாம். படகை அறிந்த பெரியவர்கள் இருவர், முடிந்தால் மூவர். ஒருவர் சுக்கானில் இருக்கும்போது இன்னொருவர் உள்ளே தலையைக் குனிந்து வேலை செய்ய வேண்டியிருக்கும். கரையில் ஒருவரிடம் எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள், எத்தனை மணி தாண்டினால் மீட்புப் படைக்குச் சொல்ல வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

கேள்வி: இரவு நங்கூரத்தில் நிற்பது அவசியமா? எவ்வளவு சங்கிலி விட வேண்டும்?

பதில்: அவசியம். நங்கூர உருளை, மின்கலம், விளக்கு, கழிவறை, அடுப்பு எல்லாம் அந்த ஓர் இரவில் சோதனைக்கு வந்துவிடும். சங்கிலிக் கணக்கில் ஆழம் மட்டும் போதாது. ஆழம் 5 மீட்டர், நீரிலிருந்து முன்முனையின் உயரம் 1 மீட்டர், இரவில் ஏறப்போகும் ஓதம் 2 மீட்டர் என்றால் மொத்தம் 8. முழுச் சங்கிலியென்றால் ஐந்து மடங்கு, 40 மீட்டர். சங்கிலியும் கயிறும் கலந்ததென்றால் ஏழு மடங்கு, 56. சங்கிலியின் மறுமுனையை இரும்புக் கொக்கியில் பூட்டாதீர்கள். மேல்தளம்வரை எட்டும் கயிற்றில் கட்டினால் ஆபத்தில் கத்தியால் அறுக்கலாம். நங்கூர வளையத்தின் திருகைக் கம்பியால் கட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

இறக்கியதும் மெதுவாகப் பின்னே போய், பிறகு இன்ஜினைச் சுமார் 1500 சுற்றுக்கு ஏற்றி ஒரு நிமிடம் பிடியுங்கள். பக்கவாட்டில் கரையில் உள்ள இரண்டு அடையாளங்கள் ஒன்றையொன்று விட்டு நகராமல் இருந்தால் பிடித்துவிட்டது.

படுக்கும்போதும் எழும்போதும் மின்கலத்தின் மின்னழுத்தத்தைக் குறியுங்கள். ஈய அமில மின்கலம் ஓய்வில் 12.7 வோல்ட் என்றால் நிறைவு, 12.2 என்றால் பாதி. காலையில் இன்ஜின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் முனையிலும் மின்கலத்தின் முனையிலும் அளந்து பாருங்கள். இரண்டுக்கும் 0.3 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் இடையில் ஏதோ ஓர் இணைப்பு சரியில்லை. தொட்டுப் பார்த்தால் சூடாக இருப்பதுதான் அது.

சமையல் வாயு சிலிண்டரைத் திறந்து, அடுப்பு வால்வுகளை மூடி வைத்து, சிலிண்டரை மூடுங்கள். அழுத்தமானியின் முள் 15 நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும். கசியும் வாயு காற்றைவிடக் கனமானது, அடித்தளத்தில் போய்த் தங்கும். முள் இறங்கினால் அன்றிரவு அடுப்பே வேண்டாம்.

கேள்வி: திரும்பி வந்ததும் இருபது முப்பது குறைகள் பட்டியலில் இருக்கும் என்கிறார்கள். எங்கே தொடங்குவது?

பதில்: குறையைக் குறிக்கும் முறையிலேயே அது தொடங்குகிறது. "இன்ஜினில் சத்தம்" என்று எழுதினால் திங்கட்கிழமை மெக்கானிக்குக்கு ஒன்றும் புரியாது. "சனி 11.20, 2200 சுற்று, முன்கியர், வலப்பக்கம் 15 டிகிரி சாய்வு, கப்ளிங் பக்கம் தட்டும் சத்தம், 2000-க்குக் கீழே இல்லை" என்று எழுதுங்கள். அவர் நேராக இன்ஜின் தாங்கிக்குப் போவார். தண்ணீர் உள்ளே வருவது, பாய்மரம், சுக்கான், வாயு, தீ தொடர்பானவை முடியாமல் படகு மறுபடி கிளம்பக் கூடாது. இன்ஜினும் மின்சாரமும் அடுத்த பயணத்துக்கு முன். கதவு சரியாகச் சாத்தவில்லை போன்றவை எப்போது வேண்டுமானாலும் ஆகட்டும்.

சுக்கான் சக்கரத்தின் இழுகம்பி புதிது என்றால் அதுவும் நீண்டிருக்கும். சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு ஒருவர் சுக்கானை அசைக்கும்போது எவ்வளவு ஆட்டம் என்று பார்த்து இறுக்குங்கள். அவசரக் கைப்பிடியை ஞாயிறன்று கடலிலேயே மாட்டி ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். மூடியைத் திறக்க வரவில்லை, கைப்பிடி சக்கரத்தில் இடிக்கிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும்.

கேள்வி: பிரித்து மாட்டிய இன்ஜினுக்கு அடுத்த பராமரிப்பு எப்போது?

பதில்: வெள்ளோட்டம் முடிந்த வாரமே இன்ஜின் தாங்கி, கப்ளிங் போல்ட்டுகள், குழாய் கிளிப்புகள் எல்லாவற்றையும் குளிர்ந்த நிலையில் ஒருமுறை இறுக்குங்கள். சூடாகி ஆறிய ரப்பர் குழாயில் கிளிப் நிச்சயம் தளர்ந்திருக்கும். புதிய பெல்ட்டும் நீண்டிருக்கும். கட்டைவிரலால் நடுவில் அழுத்தினால் 10 மில்லிமீட்டர் அளவுக்கு இறங்கலாம், அதற்கு மேல் இறங்கினால் இறுக்க வேண்டும். எண்ணெயும் அதன் வடிகட்டியும் முதல் 50 மணி நேரத்தில் மாற வேண்டும், வழக்கமான இடைவெளி அதற்குப் பிறகுதான். வடித்த எண்ணெயில் காந்தத்தை விட்டுப் பாருங்கள். மெல்லிய சாம்பல் பூச்சு இயல்பு; நகத்தில் தட்டுப்படும் துகள் இருந்தால் அதை ஒரு தாளில் மடித்து, இன்ஜினைப் பிரித்தவரிடமே கொண்டுபோய்க் காட்டுங்கள். சிலிண்டர் தலை போல்ட்டுகளை மறுபடி இறுக்கவேண்டிய வகையா என்பதும், வால்வு இடைவெளி எவ்வளவு என்பதும் கையேட்டில் இருக்கும். ஒவ்வொரு இன்ஜினுக்கும் அது வேறு என்பதால் பொதுவான எண் எதையும் இங்கே தரவில்லை.